ஒழுங்கா ஆடு, மேஸ்திரி

போன வருஷத்துப் போட்டியில் பெண்கள் பிரிவின் இறுதிச் சுற்று சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. ஜெயித்தவளுக்கு ஒரு ஹேர் டிரையர் கொடுத்தார்கள்.

ஜெயித்தவள் பேர் ஆட்டக்காரர்கள் மத்தியில் சில்லு. மெத்தைக் கம்பெனியில் ஓரம் தைக்கிற வேலை. ஆள் குள்ளம், கை கால் எல்லாம் சிறுசு. ஆனால் பிரேக் டான்ஸ் ஆடத் தரையில் இறங்கிவிட்டால் கை எது கால் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது, உடைந்த கண்ணாடி தெறிக்கிற மாதிரி இருக்கும். அவளோடு மோதியது பல் டாக்டருக்குப் படிக்கிற ஒரு பெண். பெண்கள் பிரிவுக்குப் பேர் கொடுத்ததே இவர்கள் இரண்டு பேர்தான் என்பதால் முதல் சுற்றும் அதுவே, இறுதிச் சுற்றும் அதுவே. அரங்கு முழுக்கப் பொட்டலம் பிரிக்கிற சத்தம். டிஜே ஒரு பாட்டை ஓடவிட்டுவிட்டுத் தானும் கை கழுவப் போய்விட்டான். சில்லு பாதி ஆட்டத்தில் இருக்கும்போது அந்தப் பாட்டு முடிந்துபோனது. அவள் நிறுத்தவில்லை. பேப்பர் கசங்குகிற சத்தத்துக்கே ஆடி முடித்தாள். நடுவர்களில் ஒருவர் வாயில் இருந்ததை மென்றுகொண்டே அவள் பக்கம் கையைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து அந்த ஹேர் டிரையரை அண்ணியின் மடியில் போட்டாள்.

"நீங்களே வச்சுக்கோங்க அண்ணி. எனக்கு எதுக்கு?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு மட்டும் எதற்கு? அவள் உச்சந்தலையில் பாட்டில் மூடி அளவுக்கு முடியே கிடையாது. வருஷக்கணக்காகத் தலையைத் தரையில் ஊன்றிக் காலை மேலே தூக்கிச் சுற்றியதில் தேய்ந்துபோன இடம் அது. அவள் மாமியார் பேரப்பிள்ளை இல்லையே என்றுகூட அவ்வளவு கவலைப்பட்டதில்லை, மருமகளின் அந்த வழுக்கையைப் பற்றித்தான் எண்ணெயும் கையுமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணிக்கு ஒரு காலத்தில் பம்பரம் என்று பேர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஈரத்தில் ஊறிக் கல் மாதிரிக் கனக்கும் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்து, எதிரே ஒருத்தி பிடிக்க, முறுக்கி, உதறி, மடிக்க வேண்டும். அந்த வேலை கொடுத்த தோளோடு ஒரு நாள் சிநேகிதி கூப்பிட்டாளே என்று வேடிக்கை பார்க்கப் போனாள். மூடிக்கிடந்த ஒரு கடையின் கீழ்த்தளத்தில் பையன்கள் சிலர் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தளத்துக்கு டைல்ஸ் போட்டவனே அந்தக் குழுவுக்குத் தலைவன். டைல்ஸ் மேஸ்திரி என்பதால் ஆட்டத்திலும் அவன் பேர் மேஸ்திரிதான். வேடிக்கை பார்க்கப் போனவள் அன்றைக்கே கையூன்றித் தலைகீழாக நின்றாள். அடுத்த வருஷம் அந்த வட்டத்தில் அவளைப் போலத் தலையில் சுற்ற ஆள் இல்லை. "டேய் மேஸ்திரி, உன் டைல்ஸ் மேடு பள்ளமா இருக்குடா, தலை தட்டுது" என்று அவனை எல்லார் முன்னாலும் வம்புக்கு இழுப்பாள். அவனும் விட மாட்டான். வம்பு முற்றிக் கல்யாணத்தில் போய் நின்றது.

கல்யாணமான புதிதில் மாமியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆடு, பாடு, என்னமோ செய். புருஷனைப் போய் டேய்னு கூப்பிடாதம்மா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. டேய் போய் ஏங்க வந்தது. அந்த ஏங்கவோடு இன்னும் சிலதும் சேர்ந்து வந்தன. பாட்டுப் பெட்டிக்குச் சார்ஜ் போடுவது, பையன்கள் ஆடும்போது செல்லில் படம் பிடிப்பது, வேர்வை ஊறிய முட்டிக் கவசங்களைத் துவைத்துக் காயப்போடுவது. வட்டத்துக்கு நடுவில் இருந்தவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரோரம் வந்து சேர்ந்தாள். யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

புருஷனின் தங்கைதான் சில்லு. அவளும் அதே கீழ்த்தளத்தில்தான் கற்றுக்கொண்டாள். ஆனால் போட்டி என்று வந்தால் குழுவின் பேர்ப்பட்டியலில் அவள் இருக்க மாட்டாள். "உனக்குத்தான் பெண்கள் பிரிவு இருக்கே" என்பான் அண்ணன். பாசமாகத்தான் சொல்வான்.

இந்த வருஷப் போட்டிக்கான அறிவிப்பு வந்தபோது குழு மொத்தமும் மேஸ்திரி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டு இரண்டு பேராக மோதும் பிரிவுதான் இந்தத் தடவை பெரிய பிரிவு, மாலையில் நடுமேடையில். யார் யாரோடு சேர்வது என்று பேச்சு ஓடியது. மேஸ்திரிக்கு ஜோடி ஸ்பிரிங். கறிக்கடையில் வேலை பார்க்கிறவன், நின்ற இடத்திலிருந்து பின்பக்கமாகத் துள்ளிக் குட்டிக்கரணம் போடுவான். மற்றவர்களும் ஜோடி ஜோடியாகப் பிரிந்தார்கள்.

"எனக்கு யாரு ஜோடி?" என்றாள் சில்லு.

"உனக்கு எதுக்குடி ஜோடி? நீதான் நடப்புச் சாம்பியனாச்சே. இந்த வருஷமும் போய்த் தட்டிட்டு வா."

"இந்த வருஷம் என்ன தருவாங்க, சீப்பா?"

பையன்கள் சிரித்தார்கள். சில்லுவும் சிரித்தாள், ஆனால் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே அவளுடைய அண்ணி எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். சில்லு தட்டைத் தூக்கப் போனாள். அண்ணி அதன் மேல் கை வைத்துத் தடுத்தாள்.

"நான் வரேன்."

"இது சின்னத் தட்டு அண்ணி, நானே கொண்டு போறேன்."

"தட்டைச் சொல்லலடி. ஜோடிக்கு நான் வரேன்."

சில்லு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீ என்ன ஆச்சு என்று கூடத்திலிருந்து குரல் வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

அன்று எல்லாரும் போன பிறகு பம்பரம் புருஷனிடம் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான்.

"நீ ஆடி எவ்வளவு நாளாச்சு?"

"அதை ஏன் நீங்க இவ்வளவு நாளா கேக்கல?"

அவன் கெட்டவன் இல்லை, யோசிக்கிறவன்தான்.

"ஆடுறதுல ஒண்ணுமில்ல. ஆனா பெரிய பிரிவுல எதிராளி சும்மா ஆட மாட்டான். மூஞ்சிக்கு நேரா வந்து கையைக் காட்டுவான், கேவலமா சைகை பண்ணுவான். உனக்கு ஒருத்தன் அப்படிப் பண்றதை நான் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?"

"அந்தக் காலத்துல நீங்க எனக்குப் பண்ணாத சைகையா?"

"அது வேற."

"என்ன வேற?"

"சரி, தோத்துட்டா என்ன பண்ணுவ?" என்றான் கடைசியில்.

"வீட்டுக்கு வருவோம். நீங்க தோத்தா எங்க போவீங்க?"

கீழ்த்தளத்தில் ஆடிப் பழக அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. எதிராளிகளே அங்கேதானே இருக்கிறார்கள். சில்லு அண்ணியையும் கூட்டிப்போய்த் தன் கம்பெனி மேற்பார்வைக்காரியிடம் கேட்டாள். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"லீவு நாள் காலையில கோடவுனைத் திறந்து விடுறேன். கிழிஞ்ச மெத்தை மேல எவ்வளவு வேணாலும் குதிங்க. நல்ல மெத்தை மேல ஒரு கால் பட்டுச்சு, ரெண்டு பேரையும் உள்ள வச்சுத் தச்சுருவேன்."

முதல் நாள் பம்பரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. மனசுக்குத் தெரிந்தது உடம்புக்கு மறந்துபோயிருந்தது. தலையை ஊன்றிக் காலைத் தூக்கினால் கழுத்து வலியில் தெறித்தது. ஒரு சுற்று வந்ததும் மூட்டை மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி சரிந்தாள். பஞ்சுத் தூசியில் மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்தாள்.

"பம்பரம் துருப்பிடிச்சுப் போச்சுடி."

"பம்பரம் மரம் அண்ணி. துருப்பிடிக்காது" என்றாள் சில்லு. அவளும் பக்கத்தில் வந்து படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் தலையிலயே சுத்தணும்? உங்களுக்கு இப்ப தோள்தானே பலம். கையில சுத்துங்களேன்" என்றாள்.

அது பம்பரத்துக்குத் தோன்றவே இல்லை. பழைய பேருக்குப் பழைய ஆட்டம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளங்கையை ஊன்றினாள். முழங்கையை வயிற்றில் முட்டுக்கொடுத்து உடம்பைத் தரைக்கு இணையாகத் தூக்கினாள். ஈரத் துணியை இழுத்து இழுத்து உரமேறிய தோள் அசையாமல் தாங்கியது. மற்றக் கையால் தரையைத் தள்ளினாள். சுற்றியது.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஆடுகிற பகுதிக்கு என்ன செய்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, சலவைக்கூடத்தில் தினமும் செய்வதையே பம்பரம் செய்து காட்டினாள். விரிப்பை எதிரெதிரே பிடிக்கிறோம், முறுக்குகிறோம், நடுவில் வந்து சேர்கிறோம், மறுபடி விலகுகிறோம். துணி இல்லாமல் மணிக்கட்டை மணிக்கட்டு பிடித்துச் செய்து பார்த்தார்கள். அண்ணி முறுக்க, நாத்தனார் துணியாகச் சுருண்டு, அண்ணியின் முதுகு வழியாகப் புரண்டு மறுபக்கம் இறங்கினாள். இறங்கிய வேகத்தில் அண்ணியை இழுக்க, அவள் தரையில் சரிந்து கைச்சுற்றுக்குப் போனாள். முதலில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நெற்றி வீங்கியது. வீட்டில் மாமியார் இரண்டு நெற்றிகளையும் பார்த்துவிட்டு, "அண்ணியும் நாத்தனாரும் சண்டை போட்டா தனியாப் போட்டுக்கணும், இப்படியா முட்டிக்குவாங்க" என்று மஞ்சள் பற்றுப் போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. "மிச்சமிருக்கிற முடியையாவது விட்டு வை" என்று மட்டும் சொன்னாள்.

போட்டி அன்று பேர் பதிகிற மேசையில் இருந்த இளைஞன், அவர்களைப் பார்த்ததும் பக்கத்து மேசையைக் காட்டினான்.

"லேடீஸ் அந்தப் பக்கம்."

"நாங்க இந்தப் பக்கம்தான்" என்றாள் பம்பரம்.

அவன் எழுந்து போய் அமைப்பாளரைக் கூட்டிவந்தான். நல்ல மனுஷர், பேச்சுக்குப் பேச்சு சிரிப்பவர். "அம்மா, இது ஓப்பன் பிரிவும்மா" என்றார்.

"ஓப்பன்னா திறந்திருக்குன்னுதானே அர்த்தம்? ஆம்பளைங்க மட்டும்னு எங்கேயாவது போட்டிருக்கா?"

"போடல" என்றார் அவர். யோசித்துப் பார்த்து, "போடவேண்டிய அவசியம் இதுவரைக்கும் வரல" என்றார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போலக் கொஞ்சம் அசடு வழிந்தார். "சரி, அணி பேர் என்ன?"

அதைப் பற்றி அவர்கள் யோசிக்கவே இல்லை. "அண்ணி நாத்தனார்" என்றாள் சில்லு பட்டென்று.

ஒலிபெருக்கியில் அந்தப் பேரைக் கூப்பிட்டதும் அரங்கு சிரித்தது. முதல் சுற்றில் எதிரே வந்தவர்கள் ஜிம்மில் உடம்பை வளர்த்த இரண்டு பையன்கள். ஒருவன் குனிந்து கையை விரித்து, முதலில் நீங்கள் என்று வழிவிட்டான். சில்லு ஆடி முடித்ததும் அவன் ஏனோதானோவென்று நாலு அடி எடுத்துவைத்து, முடிவில் ஒரு முத்தத்தைக் காற்றில் பறக்கவிட்டான். சில்லு அதை எட்டிப் பிடித்தாள், குனிந்தாள், தன் ஷூவின் மூக்கை அதனால் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு இப்போது அந்தப் பையன் பக்கம் திரும்பியது. பம்பரம் உள்ளே போய்க் கையூன்றிச் சுற்றினாள். நடுவர்கள் மூன்று பேர் கையும் ஒரே பக்கம் நீண்டது.

அடுத்த சுற்றில் வந்தவர்கள் அந்தத் தப்பைச் செய்யவில்லை. முழு மூச்சாக ஆடினார்கள். பம்பரம் ஒரு இடத்தில் தடுமாறி முட்டியை ஊன்றிவிட்டாள். ஆனால் விரிப்பு முறுக்குகிற ஆட்டத்தைக் காட்டியதும் அரங்கு எழுந்து நின்றது. இரண்டுக்கு ஒன்று என்று தப்பித்தார்கள். மூச்சு வாங்க ஓரமாக வந்து உட்கார்ந்தபோதுதான் பலகையில் அடுத்த ஜோடியின் பேரைப் பார்த்தார்கள்.

மேஸ்திரி, ஸ்பிரிங்.

"அண்ணன் எப்படி ஆடுவான்னு நினைக்கிறீங்க?" என்றாள் சில்லு.

"நல்லா ஆடணும்" என்றாள் பம்பரம். அவன் நன்றாக ஆடிவிடுவானோ என்பதில்லை அவள் பயம்.

அவள் பயந்த மாதிரிதான் ஆனது. மேஸ்திரி முதலில் இறங்கினான். அழகாகத்தான் ஆடினான். கால்கள் தரையில் கோலம் போட்ட மாதிரி நெளிந்தன. ஆனால் அவளுக்குத் தெரியாதா? இது அவனுடைய பாதி ஆட்டம். பயிற்சிக்கு முன்னால் உடம்பைச் சூடேற்ற ஆடுகிற ஆட்டம். ஒரு தடவைகூட அவள் பக்கம் வரவில்லை, முகத்துக்கு நேராகப் பார்க்கவில்லை, ஒரு சைகை இல்லை. முடித்துவிட்டுப் புன்னகையோடு கையை விரித்து அவளை உள்ளே அழைத்தான். விஷயம் தெரிந்த சிலர், பெண்டாட்டிக்கு விட்டுக்கொடுக்கிறானே என்று உருகிக் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் பம்பரத்தின் கன்னத்தில் விழுந்தது. முத்தம் பறக்கவிட்ட பையன்கூட இவ்வளவு வலிக்கச் செய்யவில்லை. ஷூவைத் துடைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இதை எதனால் துடைப்பது?

அவள் வட்டத்துக்குள் போனாள். ஆடவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவளுக்கான நேரம் கரைந்துகொண்டிருந்தது. நேராகப் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"டேய் மேஸ்திரி" என்றாள். "ஒழுங்கா ஆடு."

முன்வரிசைக்குக் கேட்டது. முன்வரிசை பின்வரிசைக்குச் சொன்னது. அரங்கு ஒரு கணம் அடங்கி, பிறகு இடிந்து விழுகிற மாதிரி எழுந்தது. மேஸ்திரியின் முகத்திலிருந்து அந்தப் புன்னகை போய்விட்டது. அவன் கண்ணில் என்னவோ மாறியது. அவளைப் பார்த்தான், கீழ்த்தளத்தில் முதல் தடவை தலைகீழாக நின்றவளைப் பார்த்த மாதிரி.

மிச்சமிருந்த நேரத்தில் அவள் ஆடினாள். அடுத்து ஸ்பிரிங் துள்ளினான், சில்லு பதிலடி கொடுத்தாள். மறுபடி மேஸ்திரியின் முறை வந்தது.

இந்தத் தடவை அவன் வந்தது வேறு வருகை. தோளால் விழுந்து, முதுகால் சுழன்று, அந்தச் சுழற்சியிலிருந்தே ஒற்றைக் கையில் எழுந்து நின்றான். அவனால் முடியும் என்று அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தான், தெரியாத இரண்டையும் செய்தான். பிறகு அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தான். ஒரு கண்ணை மூடினான். உள்ளங்கையைக் கிடையாகப் பிடித்து அவள் தோள்மட்டத்தில் வைத்து, டைல்ஸ் சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்த்தான். கோணல் என்று தலையை ஆட்டினான். அவளை அப்படியே பெயர்த்தெடுத்து ஓரமாகத் தூக்கிப்போடுவது போலச் சைகை காட்டிவிட்டுத் திரும்பினான்.

அவள் உள்ளுக்குள் என்னவோ பொங்கியது. கோபம் இல்லை. எவ்வளவு காலமாயிற்று இவன் இப்படி வந்து.

அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து இறங்கினார்கள். மணிக்கட்டு பிடித்தார்கள், முறுக்கினார்கள், சில்லு அண்ணியின் முதுகில் உருண்டு இறங்கி இழுத்தாள். பம்பரம் கைச்சுற்றுக்குப் போனாள். முதல் சுற்று, அடுத்த சுற்று, வேகம் ஏறிக்கொண்டே போனது. அரங்கின் விளக்குகள் கோடாக இழுபட்டன. டிஜே பாட்டின் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொடுத்தான். வேகம் உச்சத்துக்குப் போன நேரத்தில் கையை மாற்றினாள். ஒரு முழங்கையில் மொத்த உடம்பையும் நிறுத்தி, கால்களை வானத்துக்குக் கத்தரியாக விரித்து, ஆடாமல் அசையாமல் அப்படியே நின்றாள்.

இறங்கியதும் எழுந்திருக்கவில்லை. மண்டி போட்டபடியே தரையில் புருஷனின் காலடிக்கு நகர்ந்தாள். விரல் முட்டியால் தரையைத் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். இன்னொரு இடத்தில் தட்டிக் கேட்டாள். ஒட்டாமல் போட்ட டைல்ஸ் உள்ளே பொள்ளென்று சத்தம் கொடுக்கும். மேஸ்திரிகள் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள். அவள் நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, உள்ளே ஒன்றுமில்லை என்று கையை விரித்தாள்.

முதலில் ஸ்பிரிங்தான் சிரித்தான். எதிரணி என்பதையே மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். குழுப் பையன்கள் தரையை அறைந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் மேஸ்திரியோடு டைல்ஸ் வேலைக்குப் போகிறவர்கள்.

நடுவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். ஒரு கை ஆண்கள் பக்கம் போனது. ஒரு கை பெண்கள் பக்கம் போனது. மூன்றாவது நடுவர் நரைத்த தாடிக்காரர். கண்ணை மூடி எதையோ மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அண்ணியையும் நாத்தனாரையும் காட்டினார்.

சில்லு பாய்ந்து வந்து அண்ணியின் இடுப்பில் ஏறிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாகப் பம்பரம் புருஷனைப் பார்த்தாள். அவன் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றான். முகம் தொங்கிப் போயிருந்தது. நிஜமாகவே கோபம், தன் மேல், நடுவர் மேல், எல்லார் மேலும். பெண்டாட்டி ஜெயித்ததில் பெருமைப்படுகிற புருஷனின் முகம் இல்லை அது. தோற்றுப்போன ஆட்டக்காரனின் முகம். அதைப் பார்த்ததில் அவளுக்கு வந்த சந்தோஷம், நடுவர் கை காட்டியதில்கூட வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் வந்தான். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அடுத்தது ஆடுறவன் இடது பக்கம் பலவீனம். அங்கேயே போ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் பையன்களோடு நின்றுகொண்டான்.

இறுதிச் சுற்றைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. எதிரே வந்தவர்கள் பல தடவை கோப்பை வாங்கியவர்கள், பெரிய ஆட்டக்காரர்கள். ஆனால் அந்த நேரத்தில் அந்த இரண்டு பெண்களையும் நிறுத்த யாராலும் முடிந்திருக்காது. பம்பரத்துக்குக் கழுத்து வலி இல்லை, கை வலி இல்லை, உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. மூன்று கைகளும் அவர்கள் பக்கம் நீண்டன. பேரைக் கேட்டுச் சிரித்த அரங்கு அதே பேரைக் காலால் தாளம் தட்டிக் கத்தியது.

கோப்பையைக் கையில் வாங்கியபோது பம்பரத்தின் செல் அடித்தது. மாமியார். பக்கத்து வீட்டுக்காரியின் செல்லில் நேரலையாகப் பார்த்திருக்கிறாள்.

"யாருடி அவன், உன் மூஞ்சிக்கு நேரா கையை நீட்டி மட்டம் பாத்தவன்? மூஞ்சி சரியாத் தெரியல."

"உங்க பையன்தான் அத்தை."

"வரட்டும் வீட்டுக்கு" என்றாள் மாமியார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லாத் தட்டிக் காமிச்சே போ" என்றாள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் அந்தப் பல் டாக்டருக்குப் படிக்கிற பெண் அவர்களைத் தேடி வந்தாள். கூடவே இன்னும் சில பெண்கள். வாழ்த்துச் சொல்லத்தான் வருகிறாள் என்று சில்லு கையை நீட்டினாள்.

"அடுத்த வருஷம் பெரிய பிரிவுக்கு நாங்களும் வரோம்" என்றாள் அவள், கையைக் குலுக்கிக்கொண்டே. "உங்களைத் தோக்கடிக்கத்தான்."

"வாங்க" என்றாள் பம்பரம். "பாதி ஆட்டம் ஆடிட்டுப் போனா விட மாட்டேன்."

அரங்குக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் மூன்று பேரும் நின்றார்கள். வெயில் இறங்கி, கடைகளில் அப்போதுதான் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோப்பை சில்லுவின் கக்கத்தில் இருந்தது. மேஸ்திரி எதையோ மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். கடைசியில் தாங்க முடியாமல் திரும்பினான்.

"கையை மாத்துனியே, அங்க வெயிட்டை எங்க வச்ச? முழங்கையிலயா, தோள்லயா?"

"ரெண்டுலயும் இல்ல."

"பின்ன?"

"சொன்னா புரியாது."

"சொல்லாம எப்படிப் புரியும்?"

அவள் கைப்பையை நாத்தனாரிடம் கொடுத்தாள். நடைபாதையில் குனிந்து உள்ளங்கையால் மணலைத் தட்டிவிட்டாள். முழங்கையை ஊன்றி, உடம்பைச் சாய்த்து, மெதுவாகச் செய்து காட்டினாள். போகிறவர்கள் ஒதுங்கி நடந்தார்கள். அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவள் விலா எலும்புக்கும் கைக்கும் நடுவில் இருந்த இடத்தைக் கூர்ந்து பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் கையை ஊன்றினான், சரிந்தான், மறுபடி ஊன்றினான்.

"இன்னும் உள்ள வாங்கு" என்றாள் அவள். "வயிறு தாங்கும், பயப்படாத."

அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது, போனது. மூன்று பேரில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.